கை பழகியது

கோவில்பட்டி மருத்துவமனையில் காலின் ரத்தக்குழாய் அடைப்புகளை நீக்குவதெல்லாம் இயந்திரம்தான். டாக்டர் இன்பராஜ் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பார். குழாய்க்குள் செலுத்தும் கம்பியை அவர் தன் கையால் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அன்று செண்பகவல்லிக்குத் தொடை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். அவள் விழித்தபடியே படுத்திருந்தாள். பாதியில் இயந்திரம் நின்றது.

"ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. இனி மருத்துவர் பொறுப்பேற்க வேண்டும்" என்றது அது.

திரையில் ரத்தம் கசிந்து பரவியது. என்ன செய்ய வேண்டும் என்று இன்பராஜுக்குத் தெரியும், கைதான் வரவில்லை.

"எனக்குச் சொல்லிக்கொடு" என்று இயந்திரத்திடம் வாய்விட்டுக் கேட்டார்.

அது சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னது. "கம்பியோடு போகும் பலூனை இன்னும் மேலே தள்ளுங்கள். அவ்வளவு வேகம் வேண்டாம். இப்போது ஊதுங்கள்."

பலூன் விரிந்து கிழிசலை அடைத்தது. பிறகு இயந்திரம் சொன்ன இடத்தில் ஸ்டென்ட் என்ற உறை போட்ட சிறு வலைக்குழாயை வைத்தார். கசிவு நின்றது. செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவளை வெளியே கொண்டுவந்ததும் அவள் கணவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க கைராசி சார், அவ பொழச்சது!"

இன்பராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார்.

"ஆமாங்க, சார்தான் பாத்தாங்க" என்று செண்பகவல்லி முந்திக்கொண்டாள்.

கணவர் மருந்து வாங்கப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொரு கால்லயும் அடைப்பு இருக்குன்னீங்கள்ல? அதை மொதல்லேர்ந்து நீங்களே பண்ணுங்க சார். இப்பத்தான கை பழகியிருக்கு."

அவரால் தலைநிமிர முடியவில்லை.