சொல் பேச்சுக் கேட்காத கார்

மறுபடியும் கார் சுவரில் போய் முட்டியது.

வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகிறது. நிறுத்தினால் ஓடுகிறது. வேண்டுமென்றே செய்வதுபோல.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சிவப்பு ரிமோட் கார்தான். அதை வட்டமாகச் சறுக்கவிட முடியாமல் காலையிலிருந்து முன்வாசல் இஸ்தோப்புத் தரையில் மண்டிபோட்டுக் கிடக்கிறேன். முட்டியெல்லாம் சிவப்புப் பொலிஷ். தேயிலை ஃபக்டரியில் அவ்வளவு பெரிய ரோலரை ஓட்டுகிறவன் நான். தீப்பெட்டி மாதிரி ஒரு சாமான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

குவைத்தில் வீட்டு வேலை செய்கிற தங்கச்சி நிஷாந்தி, ஊருக்கு வந்த வேலாயியக்கா கையில் கொடுத்தனுப்பியது. நாளைக்கு நிஷாந்தியே லீவில் வருகிறாள். லிந்துலை கொமினிகேஷன் கடைக்கு போன் எடுத்தபோது கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"சின்னண்ணே, பெரியண்ணன்கிட்ட பேசு. அது முடியலன்னா அந்தக் காரையாவது நான் வர்றப்ப வட்டமா சறுக்கி ஓட்டிக் காட்டு."

முதலாவது நடக்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதனால் இரண்டாவதைச் செய்தே ஆகவேண்டும். அங்கே மாடாய் உழைக்கிறவள். வந்ததும் வராததுமாய் அவள் முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது.

பெரியண்ணன் செல்லசாமி ஒன்றும் தூரத்தில் இல்லை. பக்கத்துக் காம்பராதான். லயத்து வீட்டு வரிசையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அப்பாவின் கருமாதியன்று, அவர் போட்ட மரக்கறித் தோட்டம் யாருக்கு என்று சண்டை வந்தது. ஒருத்தனுடையது எதுவும் மற்றவன் காம்பராவுக்குள் வரக்கூடாது என்று இரண்டு பேரும் வாசலில் நின்று கத்தினோம். அன்றிலிருந்து அடுப்புப் புகை மட்டும்தான் போய்வருகிறது.

காருக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ரப்பர் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வழுக்க மாட்டேன் என்றது. பின் சக்கரத்தில் கரண்ட் டேப் சுற்றினேன், நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றியது. நான்கிலும் சுற்றினேன், கொஞ்சம் வழிக்கு வந்தது. பிறகு தரைக்குப் பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்தேன்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்தக் கை மட்டையைத் தொட்டதில்லை என்று என் மனைவி நாகலெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. எழுத்தெல்லாம் அரபி, படங்கள்தான் துணை. வேகமாக விட்டு, திருப்பி, உடனே எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்று ஒரு படம் காட்டியது. இன்னொரு படத்தில் ஒரே நம்பர் போட்ட இரண்டு கார்கள், அவற்றின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. நம்மிடம் இருப்பதே ஒன்று, இது எதற்கு என்று தாளைத் திருப்பிவிட்டேன்.

வளைவு கூடி வருகிற நேரம் பார்த்து கார் நின்றது. அப்புறம் தானாகப் பின்னால் வந்தது.

போதாததற்குப் பக்கத்துக் காம்பராவில் அண்ணன் வேறு காலையிலிருந்து எதையோ தேய்ப்பதும் தட்டுவதுமாக இருந்தான். மனுசனை ஒரு வேலை செய்ய விடுகிறானா?

ஆத்திரத்தில் ரிமோட்டைத் தரையில் போட்டேன்.

கார் புறப்பட்டது.

யாரும் தொடவில்லை. அது என் காலைச் சுற்றிவந்து, கதவு நிலையில் முட்டி, பின்னால் போய், மறுபடி முட்டியது.

ரிமோட்டை எடுத்து, முன்னால் போகிற பட்டனை ஒரே அமுக்காக அமுக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று குடத்தில் டங்கென்று மோதியது.

"அட சனியனே, சொல்றதைக் கேக்குதா பாரு!"

அண்ணனின் குரல்.

பார்சல் கொண்டுவந்த வேலாயியக்கா என் வாசலுக்கு வருமுன் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பாள் என்றல்லவா நினைத்தேன்.

சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் தீபாவளிச் சட்டை ஒரே துணியில்தான் தைக்க வேண்டும். பொத்தான் நிறம் மாறினாலும் அடிதடிதான். நிஷாந்தி அதை மறக்கவில்லை. யாரும் யாரையும் பார்த்துப் பொருமக்கூடாதென்று ஒரே நிறத்தில், ஒரே நம்பரில் இரண்டு வாங்கிவிட்டாள், மடச்சி.

தாளில் பெருக்கல் குறி போட்டது இதற்குத்தான். என் ரிமோட் அவன் காரையும் இழுத்திருக்கிறது. அவன் ரிமோட் என் காரையும் இழுத்திருக்கிறது.

இனி யாராவது ஒருத்தன் கையை எடுக்கவேண்டும். அதற்கு யாராவது ஒருத்தன் வாயைத் திறக்கவேண்டும்.

கோபமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. நாளைக்கு நிஷாந்தி வந்துவிடுவாள்.

சுவரின் உச்சியைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணே... கொஞ்சம் ரிமோட்ட கீழ வையிண்ணே."

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

பட்டனை அமுக்கினேன். கார் வேகமெடுத்தது. வலது பக்கம் திருப்பினேன், வலது பக்கமே போனது. உடனே எதிர்ப்பக்கம் ஒடித்தேன். பின்பாகம் விலகி, தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றி முழு வட்டமாகச் சறுக்கியது.

சுவருக்கு அந்தப் பக்கமும் அதே உறுமல் சுற்றி வந்தது.

"டேய் சின்னராசா." குரல் சுவருக்கு மேலாக வந்தது. "நிப்பாட்டிறாதடா. இங்கயும் சுத்துது."