ஒழுங்கைக்குத் திரண்ட சனம்

"இந்த முறையும் நீங்களும் நானுந்தான் கூட்டப் போறம். சும்மா தொண்டைத்தண்ணி வத்தக் கத்தாதையுங்கோ," என்றாள் குணலட்சுமி கணவனிடம்.

சனசமூக நிலையத் தலைவர் பஞ்சலிங்கம் சிரித்தார். "நாளைக்குப் பாரும். கதைக்கிற விதத்திலை கதைச்சால் சனம் ஏன் வராது?"

நாட்டுப் பிரச்சினை தொடங்கியபின் குப்பை வண்டி அந்தக் குறுகிய ஒழுங்கைப் பக்கம் வருவதே இல்லை. பிளாஸ்டிக் சொப்பின் பையும் போத்தலும் அடைத்து வெள்ளவாய்க்கால் தூர்ந்துபோயிருந்தது. போன மாரிக்கு வீடுகளுக்குள் முழங்காலளவு தண்ணீர். அடுத்த மாரியும் நெருங்கிவிட்டது. ஊர்கூடித் துப்புரவாக்க இரண்டு தரம் சிரமதானம் வைத்தும் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் தரமும் வராவிட்டால் தலைவர் பதவியைத் தூக்கி எறிவதாகப் பஞ்சலிங்கம் சந்தியில் வைத்தே சபதம் போட்டிருந்தார். அன்று மாலை சைக்கிளில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை முழுக்க முழங்கித் தள்ளினார்.

விடிய எழும்பிப் படலையைத் திறந்தவர் மலைத்துப்போனார். மண்வெட்டி, கடகம், விளக்குமாற்றோடு ஒழுங்கையே திரண்டு நின்றது. தன் முற்றத்துச் சருகையே பக்கத்து வளவுக்குள் தள்ளிவிடுகிற முன்வீட்டுப் பூரணம், வாய்க்காலுக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் வாய்க்கால் கடைசி வரைக்கும் திறந்துவிட்டது.

"பாத்தீரே? பேச்செண்டால் இப்பிடி இருக்கவேணும்!" பஞ்சலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"ஓமோம்," என்றுவிட்டுக் குணலட்சுமி குசினிக்குள் போய்விட்டாள்.

பொழுதுபடும் நேரம் எல்லா வாசலிலும் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்தார்கள். மந்திரிமார் வந்தால் வைக்கிற நிறைகுடம்! பஞ்சலிங்கத்துக்குக் கண் கலங்கியது. சால்வையைப் போட்டுக்கொண்டு, நன்றியுரையை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்து, ஒழுங்கையின் நடுவில் போய் நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ," என்றாள் பூரணம். "சாமி வாற நேரம்."

"எந்தச் சாமி?"

"சிரமதான அமளியிலை திருவிழாவையும் மறந்துபோனியளே? இந்த முறை பிள்ளையார் எங்கடை ஒழுங்கையாலை வாறாராமே! உங்கடை மனுசிதானே சொன்னவ."

பஞ்சலிங்கம் மெல்ல மனைவியிடம் வந்தார்.

"நான்தான் கிணத்தடியிலை சொல்லிவிட்டனான்," என்றாள் அவள் காதோடு. "உங்களுக்கெண்டால் ஆர் வருவினம்? பிள்ளையாருக்கெண்டால் வருவினம். வாய்க்கால் வெட்டியாச்சு. அவர் வழக்கம்போல பெரிய றோட்டாலை போகட்டும்."

"ஐயோ, சனம் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"சாமி தூக்கிறவைக்குத் தோள் நோவாம் எண்டால் முடிஞ்சுது."

பெரிய றோட்டில் தவில் சத்தம் நெருங்கியது. ஒழுங்கை முகப்பில் நின்றது. பிறகு நேரே போகாமல் உள்ளே திரும்பியது.

முன்னால் நடந்துவந்த கோயில் மணியகாரர் தியாகராசா, பஞ்சலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருசா வருசம் இந்த ஒழுங்கையாலை வரத்தான் ஆசை, தலைவர். உந்த நாத்தத்துக்குள்ளாலை சாமியை எப்பிடிக் கொண்டுவாறது எண்டுதான் நேரை போறனாங்கள்."

குணலட்சுமி கும்பிடவும் மறந்து, திறந்த வாய் மூடாமல் நின்றாள்.