ஐயருக்குக் கிடைத்த நீ

“தௌ எண்டா என்ன, அங்கிள்? சொல்லுங்கோ பாப்பம்.”

மிதுஷா காலைப் பக்கத்துக் கதிரையில் நீட்டி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் லப்டொப். பந்து விளையாடப் போய் முழங்கால் சவ்வு கிழிந்து, ஒப்பரேஷன் முடிந்து, பதினோராம் வகுப்பை இப்போது வீட்டிலிருந்தே படிக்கிறாள். இந்த மாதப் பாடம், அமெரிக்காவின் ஆதி இலக்கியம். அதில் வருகிற பழைய இங்கிலிஷ் சொல்தான் இந்தத் தௌ (thou).

நான் பேக்கரிக்கு விடியப் போய் மத்தியானம் அஜக்ஸில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். பின்னேரத்தில் பாடம் கேட்க அவளுக்கு வீட்டில் கிடைக்கிற ஒரே ஆள் நான்தான்.

நான் அவளுடைய அப்பா இல்லை. அவளுடைய அம்மா நிரூபாவை நான் கல்யாணம் முடித்து இரண்டு வருடமாகிறது.

“தௌ எண்டா பெரிய மரியாதை,” என்றேன். “தேவரீர் மாதிரி.”

சாவகச்சேரியில் எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பித்த மாஸ்டர் பைபிளில் அந்தச் சொல் வந்தால் கையைக் கட்டிக்கொண்டுதான் வாசிப்பார். அதை வைத்துச் சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பில் தலையணை கீழே விழுந்தது. எடுத்து வைத்தேன்.

“நோ, அங்கிள். ஒப்பசிற். யூதான் நீங்கள். தௌ எண்டா வெறும் நீ.”

பிறகு கதையைச் சொன்னாள். அந்தக் காலத்தில் அங்கே போய்க் குடியேறிய ஒரு கிறிஸ்தவ சபையார், பெரியவர் சின்னவர் பாராமல் எல்லோரையும் தௌ என்றுதான் கூப்பிடுவார்களாம். வேலைக்காரப் பெண் ஒருத்தி கோட்டில் நின்றுகொண்டு ஜட்ஜையே அப்படிக் கூப்பிட்டாளாம்.

“ஜட்ஜுக்கு விசர் வந்திட்டுது. ஜெயில்ல போட்டிட்டான்.”

ஜட்ஜ், போட்டிட்டான். அதுதான் மிதுஷாவின் தமிழ்.

இங்கே கனடாவில் பிறந்த பிள்ளை. அவளிடம் இருந்தது ஒரு நீதான். அம்மாவுக்கு நீ. மாமன்மாருக்கு நீ. தைப்பொங்கலன்று கோயிலில், “ஐயர், நீ எனக்கு இன்னும் கொஞ்சம் புக்கை தருவியா?” என்று கேட்டாள். சனம் திரும்பிப் பார்த்தது. நிரூபா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஐயர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கூட ஒரு அகப்பை போட்டார்.

எனக்கு மட்டும் நீங்கள்.

சாப்பிட்டீங்களா, வாறீங்களா, போட்டு வாங்கோ. கல்யாணத்துக்கு முதல் நிரூபா பக்கத்தில் இருத்திப் பழக்கினது. ஒரு எழுத்துப் பிசகாது. விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற கண்ணாடிக் கோப்பையைப் போல, அந்தச் சொல்லை அவள் எனக்கென்று தனியாக வைத்திருந்தாள்.

ஐயருக்குக் கிடைத்த நீ எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு மரியாதையைக் கொஞ்சம் குறையுங்கோ என்று ஒரு மனிசன் எப்படி வாய்விட்டுக் கேட்பது?

“உங்கட வீட்டுப் பாசையில இப்பிடி ரெண்டு சொல் இருக்கோ எண்டு லெஸ்லி ரீச்சர் கேட்டிருக்கிறா,” என்று மிதுஷா தட்டத் தொடங்கினாள்.

“அப்ப கடவுளுக்கு ஏன் தௌ எண்டு சொல்லுறவை?” என்றேன்.

“கிட்ட எண்டபடியா. லைக், சொந்த ஆக்கள் மாதிரி.”

இவ்வளவு காலமும் எனக்கு இது படவேயில்லை. பிள்ளையாரோடு கதைக்கும்போது நானும் நீ என்றுதான் கதைக்கிறேன். காலமை பஸ் பிந்தினால் அவரை ஏசுகிறதும் அப்படித்தான்.

எனக்கு ஊற்றிய தேத்தண்ணி அப்படியே இருந்தது. கோப்பையைச் சும்மா சுற்றினேன். வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

“அப்ப, கிட்ட இல்லாத ஆக்களுக்குத்தான் நீங்களோ?”

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

அவள் என்னைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். திரும்பவும் தட்டத் தொடங்கினாள்.

நான் யன்னல் பக்கம் திரும்பினேன். பக்கத்து வீட்டு றொபேட் பனி வழித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

கதவு திறந்தது. வேலை முடிந்து றெயினால் இறங்கி வந்த நிரூபா, சப்பாத்தில் பனியோடு வாசலில் நின்று ஒன்றைக் கழற்றினாள்.

“அங்கிள்,” என்றாள் மிதுஷா, திரையைவிட்டுத் தலை நிமிராமல். “நீ இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லையா? ஆறிப் போச்சு. குடி.”

நிரூபா ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நின்றாள்.

“ஏய்! ஆரைப் பாத்து நீ எண்டுறாய்? அவரோட இவ்வளவு நாளும் ஒழுங்காத்தானே கதைச்சனி?”

மிதுஷா தாயின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

“அம்மா, நீங்கள் முதல் கதவைச் சாத்துங்கோ. குளிர் வருது. ஆறுதலா வந்து இருங்கோ.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நிரூபா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் ஆறின தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு மட்டும் குடித்துவிட்டுச் சொன்னேன்.

“விடும், நிரூபா. பிள்ளைக்குத் தமிழ் இன்னும் பிடிபடேல்லை.”