கீரைக்காரியின் ராகம்

பக்கவாதம் வந்ததிலிருந்து தணிகாசலத்தின் இடது மூளை பேச்சு வேலையை நிறுத்திவிட்டது. மனைவி கோமளாவின் பெயரைச் சொல்ல முடியாமல் அவர் நாக்கு தவித்தது.

“பக்கத்திலேயே சுகமா உட்கார்ந்திருக்கியே, நீயாவது உதவக் கூடாதா?” என்று நாக்கு வலது மூளையிடம் எரிந்து விழுந்தது.

“எனக்குப் பேச்சு வராதுப்பா, பாட்டுதான் வரும்.”

“வாசலில் கீரைக்காரி கூவுகிறாள். அந்த ராகம் போதுமா?” என்று கேட்டது காது.

“தாராளமா!”

வலது மூளை ராகத்தை எடுத்துக் கொடுத்தது. நாக்கு அதைப் பிடித்துக்கொண்டு, “கோமளாஆஆ…ய்!” என்று தெருவே கேட்கும்படி இழுத்தது.

கரண்டியோடு ஓடிவந்தாள் கோமளா. “பெண்டாட்டியைக் கூப்பிடுற லட்சணமா இது? என்னைக் கட்டு கட்டி விக்கப்போறீங்களா?” என்று கத்தியவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“எங்கே, இன்னொரு தடவை கூவுங்க!”