கூட இருந்து பார்த்தவர்

சீனாவின் செங்டு நகரத்து மூலிகைக் கடையில், ஃபெங்கின் நாடியிலிருந்து விரலை எடுத்தார் வைத்தியர் லியூ சூஜென்.

"வலிப்பு வர்றப்ப ஆடு கத்துற மாதிரி சத்தம் வருதா?"

"வருதும்மா. முதல்ல இடது கை இழுக்கும். அப்புறம் நுரை தள்ளும்."

"நினைவே இல்லாதப்ப நடக்கிறதை இவ்வளவு சரியாச் சொல்றீங்களே! வீட்டம்மா கூடவே இருந்து பார்க்கிறாங்க போல. கொடுத்து வச்சவர்தான்."

ஃபெங் சிரித்து வைத்தார்.

வைத்தியர் மூலிகைத் தண்டுகளையும் காய்ந்த பட்டுப்புழுக்களையும் நிறுத்துப் பொட்டலம் கட்டினார். "அடுப்புகிட்ட நீங்க நிக்கக் கூடாது. வீட்டம்மாவைக் கூப்பிடுங்க, காய்ச்சுற பக்குவத்தைச் சொல்றேன்."

ஃபெங் தயங்கிக் கைப்பேசியை நீட்டினார். "இதுதான் பகல் பூரா என்னைப் படம் பிடிக்குது. வீட்ல வேற யாருமில்ல."

படத்தில் ஃபெங் தரையில் துடித்துக்கொண்டிருந்தார். துடிப்பு அடங்கியது. மெல்லக் கண் திறந்தவர், கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார்: "பயப்படாதே. முடிஞ்சு போச்சு."

வைத்தியர் பொட்டலத்தை அவிழ்த்தார். "இங்கேயே காய்ச்சித் தர்றேன். தினமும் வந்து குடிச்சிட்டுப் போங்க. கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லையா?"

"மெதுவாவே காய்ச்சுங்கம்மா" என்றார் ஃபெங்.