முப்பத்தோராவது டியூஸ்

காலை ஏழு மணிக்குத் தொடங்கிய கடைசி கேம் எட்டரைக்கும் முடியவில்லை. ஜெயிக்கிற மாப்பிள்ளையின் வீட்டில்தான் இனி மாமனார் இருப்பார் என்று பேச்சு. ஓய்வுபெற்ற டென்னிஸ் நடுவரான அவரே உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"டியூஸ்!"

"அப்படின்னா என்னப்பா?" என்றாள் கீழே நின்ற இளைய மகள்.

"நாற்பதுக்கு நாற்பது. இனிமே தொடர்ந்து ரெண்டு பாயிண்ட் எடுக்கிறவன்தான் ஜெயிப்பான். ஒண்ணு எடுத்து அடுத்ததை விட்டா, மறுபடி டியூஸ்."

"இது எத்தனையாவது?"

"முப்பத்தொண்ணு." அவருக்குக் கண் கலங்கியது. "எனக்காக உயிரைக் கொடுத்து ஆடறாங்க. உங்கம்மாகூட என்னை இப்படித் தாங்கினதில்லம்மா."

பெரிய மாப்பிள்ளை அடித்த பந்து வலையில் விழுந்தது. சின்னவருக்கு ஒரு பாயிண்ட் முன்னிலை, அட்வான்டேஜ். அடுத்த பந்தைச் சின்னவர் வலையில் அடித்தார்.

"அப்பா, வலையில அடிச்சா பாயிண்ட் எதிராளிக்குத்தானே? அப்புறம் ஏன் ரெண்டு பேரும் வலையையே குறிபார்த்து அடிக்கறாங்க?"