ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த தூக்கம்

ஹுமேரா ஒழுங்காகத் தூங்குகிறாளா என்று அன்புச்செல்வி ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பார்த்தாள்.

நீளமான ஸ்க்ரூடிரைவர். முனையைக் கட்டில் காலில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக் கேட்டாள். ஓடுகிற மோட்டாரில் பேரிங் நன்றாக இருக்கிறதா என்று அவள் இத்தனை வருடமும் இப்படித்தான் கேட்கிறாள். மோட்டாருக்கு ஒத்துவருவது மனுஷிக்கு ஒத்துவராதா என்ன?

குறட்டை சீராக வந்தது. உதறல் இல்லை.

திருப்தியாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கோயமுத்தூர் கணபதியில் பம்ப் செட் பட்டறை நடத்துகிறவள் அன்புச்செல்வி. போன மாதம் டெஸ்டிங் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். கண் விழித்ததும் முதலில் கேட்டது, காரமடை ஆர்டர் லோடு ஏறிவிட்டதா என்று. டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். தினமும் மதியம் ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும், அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருப்பீர்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார்.

அன்புச்செல்வி பயந்துதான் போனாள். அவளுக்குச் சாக இஷ்டமில்லை. தூங்க நேரமும் இல்லை.

இந்த மாதிரிச் சிக்கலுக்குக் கோயமுத்தூர்க்காரர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கே யாரும் ஒரு பம்பை முழுசாகத் தானே செய்வதில்லை. வார்ப்பு ஒரு இடம், கடைசல் ஒரு இடம், பெயின்ட் அடிக்க வேறு இடம். தன்னால் முடியாததை அடுத்த ஷெட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுத்துவிட வேண்டியதுதான்.

தூக்கத்தையும் கொடுத்தாள்.

ஹுமேரா பக்கத்து ஷெட்காரி. அன்புச்செல்வியின் பம்புகளுக்கெல்லாம் அட்டைப்பெட்டி போட்டுப் பேக்கிங் செய்து தருகிறவள். சொன்ன நேரத்துக்குச் சரக்கை முடித்துக் கொடுப்பவள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் டைம் கேட்டாள். மறுநாள் சரி என்று சொல்லிவிட்டு, இரண்டு கண்டிஷன் போட்டாள். முதலாளி கூடவே உட்கார்ந்து சரக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அப்புறம் வந்து குறை சொல்லக் கூடாது. அடுத்தது,

"போன் அடிச்சா தூக்கம் கெட்டுப்போகுங்க்கா. அத எங்கிட்டக் குடுத்துப்போடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. அன்புச்செல்வி ஒப்புக்கொண்டாள்.

ஆரம்பத்தில் வேலை சுமார்தான். முதல் நாள் தூக்கம் மேலாக்கவே நின்றது, ஆழத்துக்கு இறங்கவில்லை. மறுநாள் நடுவில் இருமல். இரண்டையும் ரிஜெக்ட் செய்து, திரும்பத் தூங்க வைத்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று உட்காருவாள். ஹுமேராவின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று மணி மூன்றாகியிருக்கும். சரக்கு தரமாக இருந்தால் நேரம் போவதே தெரியாது என்று நினைத்துக்கொள்வாள்.

போன வாரம் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு, இப்போது நன்றாகத் தூங்குகிறீர்கள் போலிருக்கிறதே என்றார்.

"நல்ல எடமாப் பாத்துக் குடுத்திருக்கேனுங்க" என்றாள் அன்புச்செல்வி பெருமையாக.

ஒரே ஒரு குறை. நேற்று இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து எழுந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்ப் புருஷன் கதிரிடம் புலம்பினாள். இன்று காலை பார்த்தால் அவளுடைய தலையணையைக் காணோம், மயில் போட்ட உறையோடு. கேட்டதற்கு, வெயிலில் காயப் போட்டிருக்கிறேன் என்றான் கதிர். பொழுது அப்போது சரியாக விடியவே இல்லை. இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் பட்டறையை யார் திறப்பது என்று கிளம்பிவிட்டாள்.

இப்போது நாற்காலியில் சாய்ந்து இன்ஸ்பெக்‌ஷனைத் தொடங்கினாள். ஹுமேராவின் வயிறு ஏறியது. இறங்கியது. ஏறியது.

மடியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் விழுந்த சத்தத்தில் அன்புச்செல்வி திடுக்கிட்டு விழித்தாள்.

கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள். ஹுமேரா கிடந்தபடியே கிடந்தாள். குறட்டை மட்டும் அப்போதுதான் அவசரமாகத் தொடங்கியது மாதிரி இருந்தது.

எட்டி, அவள் கைக்குள் இருந்த தன் போனை மெல்ல உருவினாள். அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரிச் சுட்டது. காரமடைக்காரர், சத்தியமங்கலத்துக் கடைக்காரர், வைண்டிங் பட்டறை என்று வரிசையாகப் பேசி முடித்த அழைப்புகள். கடைசி அழைப்பு இப்போதுதான் முடிந்திருந்தது. அது கதிருக்கு.

அன்புச்செல்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாளும் கூலி வாங்கிக்கொண்டு ஒரு பொட்டுக்கூடத் தூங்காமல் ஏமாற்றியிருக்கிறாள்! இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று வேகமாக எழப் போனாள்.

கழுத்துக்குப் பின்னாலிருந்து மெத்தென்று ஏதோ நழுவி விழுந்தது.

மயில் போட்ட உறை.

அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருட்டில் தலையணையை வெயில் காய வைத்த ஆளை நினைத்ததும் சிரிப்பு வந்தது.

ஆனாலும் முதலாளி என்று ஒருத்தி இருந்தால் எதையாவது சொல்லியாக வேண்டும். குரலைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"அம்மணி, இன்னைக்கு சரக்கு சரியில்ல. நாளைக்கு இன்னொரு மணி நேரம் சேத்துத் தூங்கிக் குடுத்துப்போடு."

ஹுமேரா தூக்கத்திலேயே தலையாட்டினாள்.